கூடுவாஞ்சேரிக்குப் போகலாமா? ஒரு வாசகியின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

சென்னை மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 41, எழும்பூரில் வேலை. கணவருக்குக் கிண்டியில் வேலை. 8-ஆம் வகுப்பில் மகள், 4-ஆம் வகுப்பில் மகன், கூடவே சர்க்கரையும் இதயத் தொந்தரவும் உள்ள 72 வயது மாமியார். 11 வருடமாக ஒரே வாடகை வீடு. இப்போது 22,000 தருகிறார்கள். வரும் ஜூனிலிருந்து 27,000 தாருங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவரிடம் இருக்கும் 2 லட்சம் அட்வான்ஸைப் பற்றிக் கேட்டால், பெயிண்ட் அடிக்கவே அது சரியாகப் போய்விடும் என்று இப்போதே பேச ஆரம்பித்திருக்கிறாராம்.

இந்த நேரத்தில் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் சென்னைக்குத் தெற்கே உள்ள கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். அதைப் பார்க்கப் போன கணவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரயில் நிலையத்திலிருந்து மூன்றரை கிலோமீட்டர் தள்ளி, கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் 1 லட்சம் டோக்கன் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இரண்டாவது மாடி, 1,080 சதுர அடி, 48 லட்சம், 14 மாதத்தில் சாவி. கையில் சேமிப்பு 10 லட்சம் இருக்கிறது, மீதி 38 லட்சத்துக்கு வங்கிக் கடன். பற்றாக்குறை வந்தால் இவருடைய 14 சவரன் நகையை விற்பதாகத் திட்டம். பத்திரம் கணவர் பெயரில் மட்டும், கடன் விண்ணப்பத்தில் மட்டும் இவரும் கையெழுத்துப் போட வேண்டும். ‘வங்கி சம்மதித்துவிட்டது, அப்புறம் பத்திரத்தில் என்ன கோளாறு இருக்கப் போகிறது’ என்றும், ‘கடனில் நானும் இருப்பதால் வீட்டில் எனக்கும் பாதிதானே’ என்றும், ‘கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்துவிட்டது, 3 வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிறார்களே’ என்றும் கேட்கிறார். கடைசி வரி: ‘போகலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார்.’

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே வார்த்தைதான் என்றால், போகலாம். ஆனால் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் ஒரு மாதமாக நடக்கும் சண்டை, ஊர் மாறுவதைப் பற்றியா, கடன் வாங்குவதைப் பற்றியா என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல வராது என்று தோன்றுகிறது. வாடகை ஏறுகிறது, அதனால் வெளியே போக வேண்டும், வெளியே போவதென்றால் சொந்த வீடாகத்தான் போக வேண்டும் என்று மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். வீட்டுக்காரர் 5,000 ஏற்றியதற்குப் பதிலாக நீங்கள் 20 வருடக் கடனில் போய் உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? கூடுவாஞ்சேரியில் இதே அளவு வீடு 13,000 வாடகைக்குக் கிடைக்கிறது என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில். எனக்குக் கடிதம் முழுவதிலும் முக்கியமான வரி அதுதான்.

ஊரைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயத்தில் பாதி பழையது. ‘காட்டுக்குள் போய் உட்காருவதா’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது 2000-த்தில் சரி. இன்றைக்கு நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி, 2019-இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் வண்டலூர், அந்தப் பக்கம் பொத்தேரி, மறைமலை நகர், மகேந்திரா சிட்டி என்று, சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலை நெடுக வேலையும் கல்லூரியும் கடையும் வந்துவிட்டன. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லையையே 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்துவிட்டார்கள். கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. தென் மாவட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இப்போது அதுதான் வாசல். ஊர் வளர்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வளரும் ஊர் என்றால் மாமூலாக ஒரு வரிசை உண்டு: முதலில் வீடு வரும், அப்புறம் வண்டி நெரிசல் வரும், அதற்கும் பிறகுதான் சாலையும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வரும். நடுவில் இருக்கும் அந்தச் சில வருடங்களை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி.

அதிகம் அலையப்போவது யார்

கணவருக்குக் கிண்டி. உங்களுக்கு எழும்பூர். இரண்டும் ஒரே ரயில் பாதைதான், சௌகரியம்தான். ஆனால் இன்றைக்கு மாம்பலத்திலிருந்து நாலு ஸ்டேஷனில் இறங்கிவிடும் நீங்கள், அங்கே போனால் அவரைவிட அதிக தூரம் தினமும் போய் வர வேண்டும். போதாததற்குக் காலையில் டிபன் கட்டுவதும் மாமியாருக்கு இன்சுலின் போடுவதும் உங்கள் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடமாற்றத்தின் முக்கால்வாசிச் சுமை உங்கள் தலையில்தான் விழுகிறது. இதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, டைம் டேபிளைப் பார்த்துச் சொல்கிறேன்.

கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார ரயில்களில் நிறைய வண்டி தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகிற வண்டியைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்தது ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிற கதையெல்லாம் மாம்பலத்தோடு சரி. அதோடு, ஸ்டேஷனில் இறங்கிய பிறகு மூன்றரை கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. விளம்பரத்தில் ‘ஸ்டேஷனுக்கு 8 நிமிடம்’ என்று போட்டிருப்பது ஞாயிறு காலை யாருமில்லாத சாலையில் கார் ஓட்டிப் பார்த்த கணக்கு. இரவு எட்டரைக்கு ஷேர் ஆட்டோ கிடைக்குமா, மழையில் கிடைக்குமா?

ஒன்று செய்யுங்கள். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, நீங்களும் கணவரும் விடிகாலையிலேயே அந்தக் கட்டடத்தின் வாசலுக்குப் போய் நில்லுங்கள். அங்கிருந்து ஆபீஸுக்குக் கிளம்புவதுபோலவே கிளம்புங்கள். உங்கள் எழும்பூர் ஆபீஸ் படிக்கட்டில் கால் வைத்ததும் மணியைப் பாருங்கள். மாலையில் கூட்ட நேரத்தில் அதேபோல் திரும்புங்கள். ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன் வரை கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. வாசலிலிருந்து வாசல் வரைதான் கணக்கு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே குடியிருந்தால் அந்த டிவி காட்சிக்குள் நீங்கள் இருப்பீர்கள்.

மகள் விஷயம் இன்னும் நெருக்கடியானது. 14 மாதத்தில் சாவி என்றால் அவள் 9-ஆம் வகுப்பை முடித்துவிட்டு 10-ஆம் வகுப்புக்குள் நுழைகிற சமயம். கட்டுமானம் ஆறு மாதம் இழுத்தால் (இழுக்காமல் முடிந்த கட்டடங்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்) பொதுத்தேர்வு வருடத்தின் நடுவில் பள்ளி மாற்ற வேண்டி வரும். மாற்றுவதென்றால் இந்த மே மாதமே மாற்றுங்கள், 9-ஆம் வகுப்பைப் புதுப் பள்ளியில் தொடங்கட்டும். இல்லையென்றால் 10 முடியும்வரை மாம்பலத்தை விடாதீர்கள். கட்டி முடியாத வீட்டை நம்பினால் இந்த இரண்டில் எதுவுமே உங்கள் கையில் இருக்காது. வாடகை வீட்டுக்குப் போவதாக இருந்தால் தேதியை நீங்கள் முடிவு செய்யலாம்.

10 லட்சம் போதாது

உங்கள் கணக்கு: 48-இல் 10 நம்முடையது, 38 வங்கியுடையது, சரியாகப் போய்விட்டது. சரியாகப் போகவில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தர முடியும். 48-க்கு அது 38 லட்சத்து 40 ஆயிரம். அதுவரை உங்கள் கணக்கு ஓகே. ஆனால் இந்த மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்க மாட்டார்கள், அது முழுக்க உங்கள் கைக்காசு. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 6 சதவீதம் என்று 2023 டிசம்பரில் இருந்து சலுகை இருக்கிறது. அந்தச் சலுகையோடே 2 லட்சத்து 88 ஆயிரம். அப்புறம் ஜிஎஸ்டி, இந்த முறை சாலை இல்லை, வரி. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம். 45 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய வீட்டுக்கு 1 சதவீதம்தான், ஆனால் உங்களுடையது 48. ஆக, இன்னொரு 2 லட்சத்து 40 ஆயிரம். பணி நிறைவுச் சான்று வந்த பிறகு விற்கும் ஃபிளாட்டுக்கு இந்த வரியே கிடையாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 48-க்குள் இதெல்லாம் அடக்கமா, மேலேயா என்று கேட்டு எழுத்தில் வாங்கினீர்களா? கடிதத்தில் இல்லை. மேலே என்றால் உங்கள் கையிலிருந்து போக வேண்டியது 15 லட்சத்துக்குப் பக்கம். கார் நிறுத்தம், மின் இணைப்பு வைப்புத்தொகை, பராமரிப்பு நிதி, கப்போர்டு, கொசுவலை எல்லாம் அதற்கு அப்புறம். நகையை விற்பது ‘பற்றாக்குறை வந்தால்’ இல்லை, முதல் நாளே விற்றாக வேண்டும்.

மாதத் தவணைக்கு வருவோம். 38 லட்சம், 20 வருடம், வட்டி எட்டரை சதவீதம் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 33,000. 27,000 வாடகை தருவதற்கு இன்னும் ஆறாயிரம் போட்டால் சொந்த வீடு என்று கணவர் சொல்வது இதைத்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாவி கைக்கு வரும்வரை வாடகையும் போகும், வங்கி விடுவித்த பணத்துக்கு வட்டியும் போகும், இரண்டும் சேர்ந்து. தவிர, ஒப்பிட வேண்டியது மாம்பலம் வாடகையோடு இல்லை. நீங்கள் போகப்போகும் ஊர் வாடகையோடு. அங்கே 13,000-க்கு இருந்தால் மாம்பலத்தின் 27,000-த்தோடு பார்க்கும்போது மாதம் 14,000 மிச்சம், வருடத்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரம். ரயில் சீசன், ஆட்டோ என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் இரண்டு வருடத்தில் நகையைத் தொடாமல் வாங்குகிற நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

விலை இரட்டிப்பாகும் என்பதைப் பற்றி. ஏறலாம். நான் ஜோசியம் சொல்லவில்லை. ஆனால் கிளாம்பாக்கம் திறந்து வெகு நாள் ஆகிறது, அதன் லாபத்தை 48 லட்சம் என்று விலை போட்டவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ என்று திட்டம் இருப்பதையும் சேர்த்தேதான் விலை சொல்வார்கள், ரயில் ஓடுகிறதோ இல்லையோ. இன்னொன்று, அந்த 6 சதவீதச் சலுகை முதல் விற்பனைக்கு மட்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்களிடம் வாங்குகிறவர் 9 சதவீதம் கட்ட வேண்டும், அதை மனத்தில் வைத்துத்தான் உங்களிடம் பேரம் பேசுவார். இதைப் புரோக்கர் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார். குடியிருக்க வாங்குங்கள், விற்க வாங்காதீர்கள்.

வங்கி பார்த்தது வங்கிக்காக

கடன் கிடைத்தால் பத்திரம் சுத்தம் என்று நினைப்பது படித்தவர்களிடம்கூட இருக்கும் நம்பிக்கை. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது, கடன் திரும்பவில்லை என்றால் இந்தச் சொத்தை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்று. பிரச்சினை வந்தாலும் வங்கிக்கு உங்கள் இருவருடைய சம்பளம் இருக்கிறது. உங்களுக்கு என்ன இருக்கிறது? அதனால் உங்களுக்கென்று ஒருவரை வைத்துத் தனியாகப் பாருங்கள், நானாக இருக்க வேண்டும் என்றில்லை. 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரங்கள், பட்டா, சிட்டா, புல வரைபடம், திட்ட அனுமதி. வில்லங்கத்தையும் பட்டாவையும் அரசு இணையதளத்திலேயே எடுத்துவிடலாம், யாருக்கும் பணம் கொடுத்துக் கும்பிட வேண்டியதில்லை. பட்டா மட்டும் இருந்தால் போதாது, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது சிஎம்டிஏவோ, டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககமோதான், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் அந்த வேலையைச் செய்யாது.

அப்புறம் ரெரா, அதாவது வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதன் ஆணையமும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் 8-க்கு மேற்பட்ட வீடுகளும் உள்ள திட்டம் என்றால், பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது, டோக்கன் வாங்கக்கூடாது. பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தேடுங்கள். கட்டடம் எப்போது முடியும் என்று அவர் அரசிடம் சொன்ன தேதி அங்கே இருக்கும். உங்களிடம் சொன்ன 14 மாதமும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள், பல சமயம் ஒரு வருடம் வித்தியாசம் இருக்கும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல், அவர் உங்களிடம் வாங்கக்கூடாது. 1,080 சதுர அடி என்பது என்ன அளவு என்றும் கேளுங்கள். படிக்கட்டு, லிப்ட், தாழ்வாரம் எல்லாம் சேர்த்துச் சொன்ன அளவாக இருக்கும். சட்டப்படி விற்க வேண்டியது கார்ப்பெட் ஏரியா கணக்கில், அதாவது சுவருக்குள் நீங்கள் பாய் விரிக்கக்கூடிய இடம். அது எவ்வளவு, நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, இரண்டும் ஒப்பந்தத்தில் எண்ணாக வர வேண்டும்.

நிலத்தின் சுபாவத்தையும் பார்க்கச் சொல்வேன். அந்தப் பகுதி முழுக்க ஏரிகளின் ஊர். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்களே, அடையாற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. கிராம வரைபடத்தில் பக்கத்து சர்வே எண்கள் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் மனைக்குப் பட்டா இருந்தாலும் தண்ணீருக்குப் பழைய வழி ஞாபகம் இருக்கும். ஒரு கட்சிக்காரருக்காக நான் ஒருமுறை இதே பகுதியில் ஓர் இடம் பார்க்கப் போனேன். காம்பவுண்டுச் சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு, பளிச்சென்று. ஆனால் எதிரே இருந்த இஸ்திரிக் கடையின் தகரக் கதவில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாகத் துருக்கோடு. அந்தக் கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தோம், நவம்பர் மாதமெல்லாம் கடை திறப்பதில்லை என்றார். என் கட்சிக்காரர் அங்கேயே மனத்தை மாற்றிக்கொண்டுவிட்டார். காலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நடந்தீர்களானால் தண்ணீர் லாரி சொட்டிக்கொண்டே போன ஈரக்கோடு சாலையில் தெரியும், அது எந்தெந்த வாசலில் திரும்புகிறது என்று எண்ணிவிடலாம். கழிவுநீர் எங்கே போகிறது, பாதாளச் சாக்கடையா, தொட்டியும் லாரியுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மூன்று மழைக்காலம் இருந்தவரிடம் கேளுங்கள், மூன்று மாதம் முன்னால் குடிவந்தவரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.

இதற்காகத்தான் வாடகைக்குப் போங்கள் என்கிறேன். ஒரு வடகிழக்குப் பருவமழையை அந்த ஊரில் குடியிருந்து பார்த்தவர்களுக்கு எந்தத் தெருவில் வாங்கலாம் என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

கையெழுத்தும் பங்கும்

நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோன விஷயத்தை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் கடனைக் கட்டும் பொறுப்புத்தான் வரும். வீட்டில் பங்கு வராது. பங்கு என்பது விற்பனைப் பத்திரத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தால்தான். கணவர் பெயர் மட்டும் இருந்தால், நகையை விற்று நீங்கள் போட்ட பணத்துக்கு நாளைக்கு ஏதாவது தகராறு என்று வந்தால் நீங்கள் ரசீதையும் வங்கிக் கணக்கையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைந்து நிரூபிக்க வேண்டும். தவணையோ இருவர் தலையிலும் இருக்கும்.

கணவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை, ‘ஒரே பெயர் என்றால் வேலை சுலபம்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லியிருப்பார். இரண்டு பெயர் போடுவதால் பத்திரச் செலவு ஏறாது. சண்டை போடாமல் கேளுங்கள்: ‘நகை போகுதுன்னா பேரும் வரட்டும்ங்க.’ அவருக்கு எதிர்பாராமல் ஒன்று ஆனால் குழந்தைகளோடு நீங்கள் வாரிசுச் சான்றுக்கு அலைவதையும் இது பாதியாவது குறைக்கும். வாங்குவது இப்போதோ இரண்டு வருடம் கழித்தோ, இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொடுத்த 1 லட்சம், வீட்டுக்காரரிடம் உள்ள 2 லட்சம்

டோக்கன் முழுதாகத் திரும்பும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். கட்டுபவர் தேதியில் தரவில்லை என்றால் வட்டியோடு பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்களாக மனம் மாறினால் அவ்வளவு பலம் இல்லை. அதற்காக, படிவத்தில் ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ரெரா பதிவே இல்லாமல் டோக்கன் வாங்கியிருந்தால் தப்பு அவர் பக்கம். விளம்பரத்தில் பொய் சொல்லி அதை நம்பி நீங்கள் பணம் கட்டியிருந்தாலும் அப்படியே. ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. அதனால் அந்த வழவழப்பான நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், ‘8 நிமிடம்’ என்ற வரியோடு பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்க வேண்டாம். முதலில் பணிவாக ஒரு மின்னஞ்சல்: ரெரா எண், கார்ப்பெட் ஏரியா, வரி உட்பட மொத்த விலை, இவை மூன்றையும் எழுத்தில் தாருங்கள். பதில் வரும் விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். பதில் திருப்தியில்லை என்றால் டோக்கனைத் திருப்பிக் கேட்டு இன்னொரு கடிதம், அப்புறம் ரெராவில் புகார். ஒருவேளை முழுதாக வரவில்லை என்றாலும், 1 லட்சம் போய்விடுமே என்ற பயத்தில் 47 லட்சத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

வீட்டுக்காரர் விஷயத்தில் உங்களுக்குப் பலம் அதிகம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. அவரிடம் இருப்பது ஒன்பது மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் தந்துவிட வேண்டும். 11 வருடம் குடியிருந்த வீட்டில் சுவர் மங்கியிருப்பது உங்கள் பாக்கி ஆகாது என்றுதான் நான் வாதாடுவேன், சுவரை உடைத்திருந்தால் வேறு கதை. காலி செய்வதை எழுத்தில் சொல்லுங்கள், சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் செல்போனில் வீடியோ எடுங்கள். புது வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதும்போதும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கும்மா’ என்பார்கள். இந்த முறை ஏன் அட்வான்ஸுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பார்த்து, கேளுங்கள்.

மாமியாருக்கு

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இல்லை என்று பயப்பட வேண்டாம். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஜிஎஸ்டி சாலை மேலேயே இருக்கிறது, பொத்தேரியில் எஸ்ஆர்எம் இருக்கிறது. நடுராத்திரியில் நெஞ்சுவலி என்றால் மாம்பலத்தைவிட நேரம் கூடும், அதை மறைக்க முடியாது. வாடகை வீடு பார்க்கும்போது ஸ்டேஷனுக்கோ ஜிஎஸ்டி சாலைக்கோ ஒரு கிலோமீட்டருக்குள் பாருங்கள். ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கேட்டாலும் அது உங்களுக்கும் நல்லது, ஆம்புலன்ஸுக்கும் நல்லது. தரைத்தளமாக இருந்தால் மழைக்குப் பயம், மாடியாக இருந்தால் லிப்டுக்குப் பயம். முதல் மாடி உத்தமம்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நான்கு பக்கக் கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, நண்பர் சொன்னது இருக்கிறது, வீட்டுக்காரர், புரோக்கர், உங்கள் அக்கா, மகளின் டீச்சர் வரைக்கும் எல்லோரும் சொன்னது இருக்கிறது. மாலையில் அயோத்தியா மண்டபத்துக்கு நடந்து போய்விட்டு வருகிறார், கடைக்காரர் சீட்டு இல்லாமலே அவருடைய மாத்திரையை எடுத்து வைக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கும் அந்தப் பெரியவர் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரிடம் கேட்டீர்களா?